கழிபுகைக் குழாயும் அதனை வீட்டிலேயே மாற்றும் முறையும்

மோட்டார் வண்டியின் உறுப்புகளில் மிகக் குறைந்த கவனத்தைப் பெறுவது அதன் கழிபுகைக் குழாயே ஆகும். எஞ்சின் இயங்கவில்லை என்றால் வண்டி நின்றுவிடுகிறது. பிரேக்கு பழுதுபட்டால் ஓட்டுபவர் உடனே உணர்கிறார். ஆனால், கழிபுகைக் குழாயில் துளை விழுந்தால் வண்டி தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். ஓசை மட்டும் சற்று மிகும். ஓசையைப் பொறுத்துக்கொள்ளப் பழகியவர்கள் அத்துளையின் வழியே வேறொன்றும் வெளிவருகிறது என்பதை மறந்துவிடுகின்றனர். அது நிறமும் மணமும் அற்ற ஒரு நச்சு வாயு.

கோலார் தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவைப் போன்ற ஊர்களில் இப்பொருள் தனிக் கவனத்திற்குரியது. பாலாற்றின் குறுக்கே அமைந்த ஏரியையும், தங்கவயலுக்குக் குடிநீர் அனுப்புவதற்கென அமைக்கப்பட்ட நீர் நிலையத்தையும் கொண்ட இவ்வூரிலிருந்து இராபர்ட்சன்பேட்டைக்கோ பங்காருப்பேட்டைக்கோ செல்வது நெடும் பயணமன்று. வேளாண்மை, சுகாதாரம், குடிநீர் ஆகிய துறைகளின் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் பயன்படுத்தும் வண்டிகள் பெரும்பாலும் குறுகிய தூரங்களையே பலமுறை கடக்கின்றன. குறுகிய தூர ஓட்டமே கழிபுகைக் குழாயின் முதற்பகை என்பது பின்னர் விளக்கப்படும். மேலும், உரிய பட்டறை எல்லா ஊர்களிலும் இருப்பதில்லை. பழைய வகைக் கார்களிலும் ஜீப்புகளிலும் இக்குழாயை மாற்றும் வேலை, உரிய கருவிகளும் பொறுமையும் உடைய எவரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. எந்த இடத்தில் அவர் வேலையை நிறுத்திக்கொண்டு பட்டறையை நாடவேண்டும் என்பதும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

அமைப்பின் பகுதிகள்

பட்டறைகளில் ‘சைலென்ஸர்’ என்ற ஒரே சொல் இவ்வமைப்பு முழுவதையும் குறிக்க வழங்குகிறது. உண்மையில் அது பல பகுதிகளைக் கொண்டது. எஞ்சினின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையை ஒன்றுசேர்க்கும் வார்ப்பிரும்புக் கூட்டுக்குழாய் முதலாவது. இதனைப் பட்டறையினர் ‘மேனிஃபோல்டு’ என்பர். அதன் வாயில் தட்டையான விளிம்பும் காஸ்கட்டும் வைத்து நட்டுகளால் இணைக்கப்படும் முன்குழாய் இரண்டாவது. ஒலியை அடக்கும் பெட்டியாகிய சைலென்ஸர் மூன்றாவது. பின் அச்சுக்கு மேலே வளைந்து சென்று வண்டியின் பின்புறத்தில் திறக்கும் வால்குழாய் நான்காவது. குழாய்கள் ஒன்றினுள் ஒன்று செருகப்பட்டு, ‘யூ’ வடிவ போல்ட்டுள்ள கிளாம்புகளால் இறுக்கப்படுகின்றன. முழு அமைப்பும் வண்டியின் அடிப்பகுதியிலிருந்து ரப்பர் மாட்டிகளால் தொங்குகின்றது.

ரப்பர் ஏன்? இரும்புக் கம்பியால் உறுதியாகக் கட்டிவிட்டால் என்ன? இவ்வினாவுக்கு விடை வெப்ப விரிவில் இருக்கிறது. எஃகு ஒரு டிகிரி சென்டிகிரேடு வெப்பம் ஏறும்போது தன் நீளத்தில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீள்கிறது. 3 மீட்டர் நீளமுள்ள குழாய் சராசரியாக 200 டிகிரி வெப்பம் ஏறினால், அது சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். வண்டியின் உடலோ அவ்வாறு சூடேறுவதில்லை. குழாயை அசையாமல் கட்டினால் இந்த 7 மில்லிமீட்டரும் இணைப்புகளை நெருக்கி, வெல்டிங் செய்த இடங்களைப் பிளக்கும். மேலும், எஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின்மேல் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த ஆட்டமும் குழாயைத் தொடரும். ஆகவே, அறுந்த ரப்பர் மாட்டிக்குப் பதிலாகக் கம்பியைச் சுற்றுவது ஒரு நாள் ஊர் வந்து சேர்வதற்கு மட்டுமே பொருந்தும்.

ஒலி அடங்குவது எவ்வாறு?

சிலிண்டரில் எரிபொருள் எரிந்து முடிந்தபின், கழிபுகை வால்வு திறக்கும்போது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போலப் பல மடங்கு ஆகும். அவ்வாயு ஒரே வீச்சாகக் குழாய்க்குள் பாய்கிறது. நான்கு சிலிண்டரும் நான்கு வீச்சும் உள்ள எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால், நொடிக்கு 100 வீச்சுகள் குழாய்க்குள் பாய்கின்றன. இவ்வீச்சுகள் நேரே வெளிக்காற்றை அடைந்தால் ஒவ்வொன்றும் ஒரு சிறு வெடிபோல் ஒலிக்கும்.

சைலென்ஸர் இரண்டு வழிகளில் இதனைத் தடுக்கிறது. முதலாவது, ஒடுங்கிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும் வாயு விரிந்து அழுத்தம் தணிகிறது. ஒலி அலைகளில் ஒரு பகுதி அறையின் சுவர்களில் பட்டுத் திரும்பி, பின்வரும் அலைகளோடு மோதித் தேய்கிறது. அறைகளின் நீளம் அடக்கவேண்டிய ஒலியின் அலை நீளத்தைக் கருதியே அமைக்கப்படுகிறது. சூடான வாயுவில் ஒலி விரைந்து செல்லும் என்பதையும் அமைப்பாளர் கணக்கில் கொள்கின்றனர். 400 டிகிரியில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 520 மீட்டர். இரண்டாவது, துளைகளிட்ட உட்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் போன்ற பொருளை நிரப்பினால், கிறீச்சென்ற மேல் ஒலிகளை அந்நார் உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளிருக்கும் தடுப்புத் தகடுகளை உடைத்தெடுத்தால் வண்டிக்கு வலிமை கூடும் என்று சிலர் நம்புவதுண்டு. சாதாரண வண்டியில் அதனால் கிடைப்பது பெரும்பாலும் ஓசை மட்டுமே. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வண்டி விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டியிலும் ஒலியடக்கும் கருவி இருக்கவேண்டும் என்று கூறுகிறது.

துரு உள்ளிருந்து வருகிறது

கழிபுகைக் குழாய் சாலையின் நீரினாலும் சேற்றினாலும் துருப்பிடிக்கிறது என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் எரியும்போது நீராவியாகிறது. 1 லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் நீர் உண்டாகிறது. எஞ்சின் நன்கு சூடேறியபின் இந்நீர் ஆவியாகவே வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதோ அது குழாயின் குளிர்ந்த சுவரில் பட்டுத் திவலைகளாகிறது. வால்குழாயிலிருந்து காலை நேரத்தில் நீர் சொட்டுவது இதனாலேயே. எரிபொருளிலுள்ள சிறிதளவு கந்தகமும் காற்றின் நைட்ரஜனும் ஆக்ஸைடுகளாகி இந்நீரில் கரைந்து அதனைப் புளிப்புள்ளதாக்குகின்றன.

இனி, குறுகிய ஓட்டத்தின் தீங்கு தெளிவாகும். எஞ்சினுக்கு அருகிலுள்ள முன்குழாய் சில நிமிடங்களில் சூடேறி உலர்ந்துவிடுகிறது. பின்னாலுள்ள சைலென்ஸர் சூடேறுவதற்கு நெடுநேரமாகும். ஊரிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து சந்தைக்கும் சென்று நின்றுவிடும் வண்டியில், அந்தப் பெட்டியின் அடியில் புளிப்பு நீர் தேங்கியபடியே இருக்கும். எனவே சைலென்ஸர் உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வெளித்தோற்றம் நன்றாயிருக்கும்போதே அடித்தகடு காகிதம்போல் மெலிந்துவிடும். நெடுஞ்சாலையில் நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டியின் சைலென்ஸர் இதனைவிட நீண்ட காலம் உழைப்பது வியப்பன்று.

நச்சு வாயுவின் கணக்கு

போதிய பிராணவாயு இன்றி எரியும் பெட்ரோல் கரியமில வாயுவோடு கார்பன் மோனாக்ஸைடையும் உண்டாக்குகிறது. இவ்வாயு இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட பற்றுதலுடன் சேர்கிறது. காற்றில் அது சிறு பங்கே இருந்தாலும் இரத்தம் அதனைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். உடல் உறுப்புகள் பிராணவாயு இன்றித் தவிக்கும். தலைவலி, மயக்கம், குமட்டல், தளர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றைப் பயணக் களைப்பு என்றும் வெயிலின் தாக்கு என்றும் எண்ணி ஏமாறுவது எளிது.

தங்கவயல் குடும்பங்களுக்கு இச்செய்தி அயலானதன்று. சுரங்கத்தினுள் வெடி வைத்தபின் நச்சுப்புகை அகலும்வரை காத்திருந்தே ஆட்கள் வேலைமுகத்திற்குச் செல்லவேண்டும் என்பது சுரங்கத் தொழிலின் அடிப்படை நெறி. அப்புகையின் நச்சுக் கூறுகளுள் கார்பன் மோனாக்ஸைடும் ஒன்று. நிலக்கரிச் சுரங்கங்களில் இதனைக் கண்டறியச் சிறு பறவைகளைக் கொண்டுசெல்லும் முறையை 1890-களில் ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் பரிந்துரைத்தார். கானரிப் பறவை மனிதனைவிட விரைவாக மூச்சு விடுவதால் முன்னதாகவே சோர்ந்து விழுந்து எச்சரிக்கை தரும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் அம்முறை 1986 வரை நீடித்தது. கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. ஆனால், சுரங்கத்தில் கற்ற எச்சரிக்கை வீட்டு வண்டிக் கொட்டகைக்கும் பொருந்தும்.

ஒரு கணக்கைக் காண்போம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் உள்ள கொட்டகையின் கொள்ளளவு 50 கன மீட்டர், அதாவது 50,000 லிட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்ஸைடு சேர்ந்தால் ஓரிரு மணி நேரத்தில் நினைவு தடுமாறும்; தொடர்ந்தால் உயிருக்கே கேடு. ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது 50 லிட்டர். 1989-ஆம் ஆண்டு விதிகள் பழைய நான்கு சக்கர பெட்ரோல் வண்டிகளுக்கு, நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது, புகையில் நூற்றுக்கு 3 பங்கு வரை இவ்வாயுவை அனுமதித்தன. அவ்வளவு வாயு உள்ள புகை சுமார் 1,670 லிட்டர் வெளிவந்தால் 50 லிட்டர் நிறைவுறும். 1.5 லிட்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போது நிமிடத்துக்கு 150 முதல் 200 லிட்டர் வரை புகை விடக்கூடும். ஆகவே, மூடிய கொட்டகையில் 10 நிமிடமே போதும். கதவைப் பாதி திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு. எஞ்சினைத் திறந்த வெளியில் மட்டுமே ஓட்டிப் பார்க்கவேண்டும்.

ஓடும் வண்டியில் மற்றோர் ஆபத்து உண்டு. வண்டி முன்னேறும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. வால்குழாய் ஒடிந்து புகை வண்டியின் அடியிலேயே வெளிப்பட்டால், தரைத்தகட்டின் துளைகள் வழியாகவும் சரியாக மூடாத பின்கதவு வழியாகவும் அது உள்ளே இழுக்கப்படும். பின் இருக்கையில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இதனைச் சிறப்பாகக் கருதவேண்டும். அவ்வாறு எவருக்கேனும் தலைச்சுற்றல் தோன்றினால் எஞ்சினை நிறுத்தி, அனைவரையும் தூய காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு வேறு வண்டியில் அனுப்ப வேண்டும். மருத்துவர் தரும் தூய பிராணவாயு இவ்வாயுவை இரத்தத்திலிருந்து பல மடங்கு விரைவாக வெளியேற்றும்.

பழுதை அறிதல்

வேலை தொடங்குமுன் பழுது எங்குள்ளது என்று அறியவேண்டும். திறந்த வெளியில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, உதவியாளர் ஒருவர் தடித்த ஈரத்துணியால் வால்குழாயின் வாயைச் சில நொடிகள் மட்டும் அடைத்துப் பிடிக்கட்டும். ஒழுக்கு உள்ள இடத்தில் ‘உஸ்’ என்ற ஓசை மிகும். இணைப்புகளைச் சுற்றிக் கரிய புகைக்கறை படிந்திருந்தால் அங்கே ஒழுக்கு உண்டு. பின்னர் எஞ்சினை நிறுத்தி, சிறு மரச்சுத்தியலால் சைலென்ஸரின் அடியை மெல்லத் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரிக்கப்பட்ட தகடு மந்தமாக ஒலிக்கும். உள்ளே கலகலவென்று அசைந்தால் தடுப்புத் தகடுகள் கழன்றுவிட்டன என்பது பொருள்.

கழற்றுமுன் செய்யவேண்டியவை

எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரமாவது ஆறவிடவேண்டும். தேவைப்படும் புதிய பகுதிகள் அனைத்தையும் முன்னரே வாங்கிவைத்தல் நலம்: சைலென்ஸர், குழாய்கள், காஸ்கட், கிளாம்புகள், ரப்பர் மாட்டிகள், நட்டு போல்ட்டுகள். பழைய கிளாம்பையும் காஸ்கட்டையும் மீண்டும் பயன்படுத்துவது சிக்கனமாகாது. பழைய அமைப்பைக் கழற்றுமுன் குழாய்கள் செல்லும் வழியையும் மாட்டிகளின் இடத்தையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளவேண்டும்.

வண்டியைக் கெட்டியான சமதரையில் நிறுத்தி, முதல் கியரில் இட்டு, கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களின் முன்னும் பின்னும் கட்டைகளை வைக்கவேண்டும். ஜாக்கியால் உயர்த்தியபின், வண்டியின் சட்டத்தின் கீழே இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும். செங்கல்லும் உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லும் எச்சரிக்கையின்றி நொறுங்கும்; இப்பகுதியில் எளிதிற் கிடைக்கும் கருங்கல் துண்டும் வழுக்கும். இவற்றை ஸ்டாண்டுக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. தயாரானபின் வண்டியை வெளியிலிருந்தே ஒருமுறை தள்ளி அசைத்துப் பார்த்து, உறுதியாயிருந்தால் மட்டுமே அடியில் செல்லவேண்டும்.

மேலிருந்து துருத்தூள் முகத்தில் விழும். கண்ணாடியும் கையுறையும் இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது. மேலும், பழைய வண்டிகளின் காஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதனை உலர்ந்த நிலையில் சுரண்டினால் தீங்கான நுண்ணிழைகள் காற்றில் பறக்கும். நீரால் நன்கு நனைத்தபின் மெல்ல எடுத்து, பையில் இட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

கழற்றும் முறை

இவ்வேலையின் கடினமெல்லாம் துருவேறிய நட்டுகளில் இருக்கிறது. முதல் நாள் மாலையே கம்பித் தூரிகையால் மரைகளைத் துடைத்து, துருத் தளர்த்தும் எண்ணெயை இட்டு, இரவு முழுதும் ஊறவிடவேண்டும். காலையில் மீண்டும் ஒருமுறை இடவேண்டும். நட்டின் ஆறு பக்கங்களையும் பற்றும் ரிங் ஸ்பானரையே பயன்படுத்தவேண்டும். திறந்த வாயுள்ள ஸ்பானர் நழுவி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். முதலில் சிறிதளவு இறுக்கும் பக்கமாகத் திருப்பி, துருவின் பற்றை உடைத்தபின் தளர்த்துவது பழகியவர்கள் கையாளும் முறை. சூடேற்றினால் நட்டு தளரும் என்பது உண்மையே. ஆயினும், பெட்ரோல் தொட்டியும் எரிபொருள் குழாயும் அருகிலிருக்கும் வண்டியின் அடியில், வீட்டில், தீயைப் பயன்படுத்தவே கூடாது.

பொதுவாகப் பின்னிருந்து முன்னாகக் கழற்றுவது எளிது. முதலில் வால்குழாயின் கிளாம்பும் மாட்டியும், பின்னர் சைலென்ஸரும், இறுதியாக முன்குழாயும் கழற்றப்படும். சைலென்ஸரின் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டே மாட்டியை அவிழ்க்கவேண்டும். குப்பையாகப் போகும் குழாய் பிடிவாதமாக இருந்தால் அதனை ஹாக்ஸாவால் அறுத்துவிடலாம். நல்ல குழாயின்மேல் பழைய குழாயின் வாய் இறுகியிருந்தால், மேலுள்ள பழைய வாயை மட்டும் நீளவாக்கில் அறுத்து உளியால் விரித்து எடுக்கவேண்டும். அறுக்கும்போது பின்னே பிரேக்குக் குழாய் செல்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

பின் அச்சுக்கு மேலே வளைந்து செல்லும் வால்குழாயை முழுதாக எடுக்க, வண்டியின் சட்டத்தைத் தாங்கி அச்சைச் சற்றுக் கீழே தொங்கவிட நேரிடலாம். அப்போது பிரேக்கின் ரப்பர்க் குழாய் இழுபடாதவாறு காக்கவேண்டும்.

முன்குழாய் கூட்டுக்குழாயோடு சேரும் இடத்திலேயே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அங்குள்ள ஸ்டட்டுகள் பலமுறை சூடேறி ஆறியவை. அளவு மீறிய விசைக்கு ஒடிந்துவிடும். வார்ப்பிரும்புக்குள் ஒடிந்த ஸ்டட்டை எடுப்பது வீட்டு வேலையன்று. எண்ணெய் இட்டும் நட்டு அசையவில்லையெனில், அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, வண்டியைப் பட்டறைக்கு அனுப்புவதே அறிவுடைமை. முன்குழாய் நல்ல நிலையில் இருந்தால் அதனைத் தொடாமலே விட்டு, சைலென்ஸரையும் வால்குழாயையும் மட்டும் மாற்றலாம்.

புதியதைப் பொருத்துதல்

கழற்றுவது பின்னிருந்து முன். பொருத்துவதோ முன்னிருந்து பின். விளிம்பின் முகத்தைச் சுத்தம் செய்து, புதிய காஸ்கட் வைத்து, நட்டுகளைக் கையால் மட்டும் திருகவேண்டும். இங்கே பித்தளை நட்டுகள் கிடைத்தால் நன்று; அவை எஃகு ஸ்டட்டோடு துருவால் ஒட்டிக்கொள்வதில்லை. சைலென்ஸரில் அம்புக்குறி இருந்தால் அது வண்டியின் பின்புறம் நோக்கி இருக்கவேண்டும். குழாய்களை ஒன்றினுள் ஒன்று சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் செருகி, கிளாம்புகளைத் தளர்வாக மாட்டி, முழு அமைப்பையும் ரப்பர் மாட்டிகளில் தொங்கவிடவேண்டும். எதனையும் இன்னும் இறுக்கலாகாது.

இப்போதுதான் முழு நீளத்தையும் பார்வையிட்டு நேராக்கவேண்டும். குழாய் தரைத்தகட்டையும் பின் அச்சையும் பிரேக்குக் குழாயையும் எங்கும் தொடலாகாது; ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எரிபொருள் குழாய்க்கும் கழிபுகைக் குழாய்க்கும் இடையே 35 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கவேண்டும் என்று மோட்டார் வண்டி விதிகளின் 113-ஆவது விதி கூறுகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பின் அச்சு மேலெழும் என்பதையும் மறத்தலாகாது. ரப்பர் மாட்டிகள் முறுக்காமலும் ஒரு பக்கம் இழுபடாமலும் தொங்கவேண்டும். எல்லாம் சரியாக அமைந்தபின், முன்னிருந்து பின்னாக இறுக்கவேண்டும். விளிம்பின் நட்டுகளை ஒன்றைவிட்டு ஒன்றாக, சிறிது சிறிதாகச் சமமாக இறுக்கினால்தான் காஸ்கட் ஒருசீராக அமரும். கிளாம்பை மிகையாக இறுக்கினால் குழாய் நசுங்கி, அடுத்த முறை கழற்றவே முடியாமற் போகும்.

வண்டியைத் தரையில் இறக்கி, திறந்த வெளியில் எஞ்சினைக் கிளப்பி ஒழுக்கைச் சோதிக்கவேண்டும். புதிய பகுதிகளின்மேலுள்ள எண்ணெய்ப் பூச்சு எரிவதால் முதற் சில நிமிடங்கள் புகை தோன்றுவது இயல்பே. சில கிலோமீட்டர் ஓட்டி, முற்றிலும் ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தால் வேலை முடிந்தது.

புதிய வண்டிகளுக்கு ஒரு விலக்கு

மேற்கூறியவை அம்பாஸடர், பிரீமியர் பத்மினி, பழைய ஜீப் போன்ற எளிய அமைப்புள்ள வண்டிகளுக்கே பொருந்தும். 1995 முதல் டில்லி, மும்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களில் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு கார்பன் மோனாக்ஸைடைக் கரியமில வாயுவாக மாற்றுகிறது. பெட்ரோலில் கலந்த ஈயம் இப்பூச்சைக் கெடுக்குமாதலால், ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் ஸ்டேஜ் 6’ வண்டிகளில் இவற்றோடு உணர்விகளும், டீசல் வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டியும் இணைந்துள்ளன. இவற்றை வீட்டில் கழற்றுதல் தகாது. அரிய உலோகத்துக்காக வினையூக்கி மாற்றியை விற்றுவிட்டு வெற்றுக் குழாயை வைப்பது, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் மாசு விதிகளுக்கு மாறானதோடு, அவ்வண்டியின் பின்னே நடப்போரின் மூச்சுக்கும் தீங்கு செய்வதாகும்.

கோலார் மாவட்டத்தில் அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரங்களால் போரடிக்கும் வழக்கம் உண்டு. வினையூக்கி மாற்றி நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் இயங்குவது. கொள்ளுக்கொடியின் உலர்ந்த தண்டு அடியில் சுற்றிக்கொண்டால் அது எளிதில் தீப்பற்றும். அத்தகைய இடத்தைக் கடந்தவுடன் வண்டியை நிறுத்தி, சுற்றிய வைக்கோலை நீண்ட கழியால் அகற்றவேண்டும். உலர்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்துவதும் தவிர்க்கத்தக்கது. களப் பணியாளர்கள் இதனைச் சாலையோர உழவர்களுக்கும் எடுத்துரைத்து, களத்திலேயே போரடிக்கும்படி வேண்டிக்கொள்ளலாம்.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இப்பொருளைக் கொண்டு மூன்று பாடங்களை நடத்தலாம். முதலாவது: எரியும் மெழுகுவத்தியின் சுடருக்கு மேலே குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைச் சிறிது நேரம் பிடித்தால் அதன்மேல் நீர்ப்பனி படியும், எரிதலில் நீர் பிறப்பதை மாணவர் கண்ணால் காண்பர். இரண்டாவது: உலர்ந்த புட்டி, நீருள்ள புட்டி, சிறிது வினிகர் கலந்த நீருள்ள புட்டி ஆகியவற்றில் ஒவ்வோர் இரும்பு ஆணியை இட்டு, ஒரு வாரம் கழித்து ஒப்பிட்டால், புளிப்பு நீர் சைலென்ஸரை அரிப்பது விளங்கும். மூன்றாவது: ஓர் அட்டைக் குழாயின் ஒரு முனையில் சிறு ஊதலை ஒலிக்கச் செய்து கேட்டபின், அதே குழாயின் மறுமுனையைப் பஞ்சு நிரப்பி மறுபுறம் துளையிட்ட அட்டைப் பெட்டியினுள் செருகிக் கேட்கவேண்டும். ஒலி தேய்வதைக் கண்டு, அதன் காரணத்தை மாணவர்களே கூறும்படி செய்யலாம். குழாய் 3 மீட்டருக்குப் பதிலாக 4 மீட்டராயின் எவ்வளவு நீளும் என்ற கணக்கையும் அவர்களுக்கு வீட்டுவேலையாகத் தரலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டியின் அடியில் விளக்கிட்டுப் பார்ப்பதும், வாரத்தில் ஒரு நாளேனும் எஞ்சின் முழுச் சூடேறும்படி அரை மணி நேரம் ஓட்டுவதும் கழிபுகைக் குழாயின் வாழ்நாளை நீட்டிக்கும். மிகுந்த ஓசை தோன்றிய அன்றே அதனை எச்சரிக்கையாகக் கொண்டு காரணத்தை ஆராயவேண்டும். ஏனெனில், அவ்வோசையோடு வரும் நச்சு வாயு தன் வருகையைத் தானாக அறிவிப்பதில்லை.